திங்கட்கிழமைச் சிப்பிகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அளப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையின் வேகத்தை. உயிருள்ள எந்தச் செல்லும் தனக்குள் ஓயாமல் புரதம் செய்துகொண்டே இருக்கிறது. வெயில், உப்பு, மூச்சுக்காற்றுக் குறைவு என்று ஏதாவது நெருக்கடி வந்தால் அந்த வேலையைக் குறைத்துக்கொள்கிறது. எவ்வளவு குறைக்கிறது, எப்போது குறைக்கிறது என்பதுதான் கேள்வி. நாங்கள் எடுத்துக்கொண்டது முத்துச்சிப்பியின் செவுளில் உள்ள செல்கள்.

நான் அங்கே டெக்னிகல் அசிஸ்டென்ட். கேள்வி என்னுடையது அல்ல. கேள்விக்கு வேண்டிய கடல்தண்ணீர், தொட்டி, வெப்பமானி, உறைபெட்டி, அதிலுள்ள சின்னக் குப்பிகள், குப்பிகளின்மேல் ஒட்டிய சீட்டுகள், இவையெல்லாம் என் பொறுப்பு. சீட்டு கோணலாக ஒட்டியிருந்தால் பிரித்து மறுபடி ஒட்டுவேன். அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கூடத்தில் இல்லை.

கேள்வி டீச்சருடையது. நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவர், நாற்பதை நெருங்கியவர். சம்பளமில்லாத விடுப்பில் வந்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் எல்லோருமே ஆசிரியர்கள். “எங்க வீட்ல சாப்பாட்டு மேசையில கூட யாராவது ஒருத்தர் பேப்பர் திருத்திக்கிட்டுதான் இருப்பாங்க சார்” என்பார். கூடத்தில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். அவருக்கு வழிகாட்டியான பேராசிரியரும் அப்படியே கூப்பிடுவார்.

டீச்சருக்கு இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கியிருந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது விடுப்பு முடிகிறது. பல்கலைக்கழகம் கொடுத்திருந்த நீட்டிப்பும் அத்தோடு முடிகிறது. இனி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த அத்தியாயம் முடியாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் அப்படியே நின்றுவிடும். இது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

எப்படி அளக்கிறோம் என்று வெளியாட்கள் கேட்டால் மணிமாலையை உதாரணமாகச் சொல்வேன். செல்லுக்குள் ரைபோசோம் என்று ஒன்று இருக்கிறது. அது மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்து மாலையாக்குகிறது. அந்த மாலைதான் புரதம். நாங்கள் அந்த மணிகளுக்கு நடுவில் ஒரு போலி மணியைக் கலந்துவிடுகிறோம். பியூரோமைசின் என்று பெயர். அதற்கு ஒரு பக்கம் மட்டும்தான் துளை. பார்வைக்கு நல்ல மணிபோல இருப்பதால் ரைபோசோம் ஏமாந்து கோத்துவிடும். கோத்தபின் அடுத்த மணியைச் சேர்க்க வழியில்லாமல் மாலை பாதியிலேயே அறுந்து விழும். அப்படி அறுந்த மாலைகள் நிறைய இருந்தால் செல் மும்முரமாகக் கோத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். குறைவாக இருந்தால் கையை நிறுத்தியிருந்தது என்று அர்த்தம்.

சிப்பியைத் திறந்த கையோடு செவுளில் ஒரு துண்டு வெட்டி, கொஞ்ச நேரம் போலி மணி கலந்த கடல்தண்ணீரில் வைப்போம். பிறகு அதை அரைத்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, ஒரு வெள்ளைச் சவ்வில் இறக்கி, போலி மணியை மட்டும் தேடிப்பிடிக்கும் எதிர்ப்பொருளை அதன்மேல் ஊற்றுவோம். மும்முரமான செல்லுக்கு, மையைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே இழுவியதுபோல ஒரு கறுப்புத் தடம் தெரியும். ஓய்ந்த செல்லுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல்.

எதிர்பார்ப்பு எளியது. சாதாரணக் கடல் வெப்பத்தில் வைத்த சிப்பிக்குத் தடம் கறுப்பாக இருக்கவேண்டும். சூடு ஏற ஏற வெளிறவேண்டும்.

எங்களுக்கு வந்தது வேறு. சாதாரண வெப்பத்தில் இருந்த சிப்பிகளின் தடம் சாம்பல். அதைவிடக் கொஞ்சம் சூடான தண்ணீரில் வைத்தவற்றுக்கு நல்ல கறுப்பு. அதற்கு மேல் சூடாக்கினால் மறுபடி சாம்பல். ஒரு வாரம் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு வாரமும் இப்படியேதான் வந்தது.

பேராசிரியர் அந்தப் படங்களை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இளஞ்சூடு சிப்பியின் செல்லைத் தட்டி எழுப்புகிறது, இது புதிய விஷயம் என்றார். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பச் சொன்னார். டீச்சரும் அத்தியாயத்தை எழுதத் தொடங்கினார். விடுப்பு முடிய நாள் இருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிகிற மாதிரிதான் இருந்தது.

ஆனால் டீச்சருக்கு ஒரு பழக்கம். எழுதிக்கொண்டே இருப்பார், நடுவில் எழுந்து வந்து தொட்டியைப் பார்ப்பார். “அந்தச் சாம்பல் எனக்குப் புடிக்கல சார்” என்றார் ஒரு நாள். கறுப்பு ஏன் கறுப்பாக இருக்கிறது என்பதற்கு நூறு காரணம் எழுதலாம், சும்மா சௌகரியமாக இருக்கிற சிப்பி ஏன் ஓய்ந்துகிடக்கிறது என்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை என்றார்.

எங்கள் வாரத் திட்டத்தை இங்கே சொல்லவேண்டும். நான் சேருவதற்கு முன்பிருந்தே கூடத்தில் இருந்த முறை அது. என் பங்குக்கு அதை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். தொட்டித் தண்ணீர் சனிக்கிழமை மாற்றப்படும். அதனால் சுத்தமான தொடக்கம் என்று திங்கட்கிழமை சாதாரண வெப்பம். செவ்வாய் இளஞ்சூடு. பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு படி கூடுதல்.

சிப்பி கொண்டுவருபவர் திரேஸ்புரத்துக்காரர், சங்கு குளிக்கிறவர். எங்களுக்கு அனுமதி கிடைத்த பாரில், அதாவது சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறையில், சங்கு வேலையோடு எங்களுக்கும் சிப்பி எடுத்து ஈரச்சாக்கில் கொண்டுவருவார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்பேன். அவர் மதியத்துக்கு மேல்தான் வந்து சேருவார் என்பதால் முதல் நாள் வந்த சிப்பியை மறுநாள் காலை எடுப்போம். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. காலையில் பூசை, பிறகு வீடு. ஆகவே திங்கட்கிழமைக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே கொண்டுவந்துவிடுவார். திங்களன்று, கடலடியில் அவருக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் மக்கர் பண்ணினாலும் செவ்வாய்க்குக் குறை வரக்கூடாது என்று இரண்டு மடங்காகக் கொண்டுவருவார்.

புரியாத அந்தச் சாம்பல் தடம் எப்போதும் திங்கட்கிழமை வருகிறது என்று நான் சொன்னபோது அண்ணாச்சி அங்கேதான் சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கெழம ஒரு நா லீவு போட்டுட்டு திங்கக்கெழம வேலைக்கு வா வான்னா யாருக்கு சார் மனசு வரும்? அதுவும் நம்ம ஊர்ச் சிப்பிதான?” என்றார்.

“எங்க அப்பாகிட்ட சொன்னா ரொம்ப சந்தோஷப்படுவாங்க” என்றார் டீச்சர். “கடல்ல இருக்கிறதே ஓய்வுநாள் ஆசரிக்குது, நீ பரீட்சைப் பேப்பர் திருத்துதியேம்பாங்க.”

அதிலிருந்து சிப்பி லீவில் இருக்கிறது என்பது எங்கள் கூடத்து வாடிக்கைப் பேச்சாகிவிட்டது.

சிரித்தாலும் நான் என் பங்குக்குத் தேடிக்கொண்டிருந்தேன். சவ்வில் இறக்கிய புரதத்தின் அளவு எல்லாத் தடத்திலும் ஒன்றுதானா என்று சிவப்புச் சாயம் போட்டுப் பார்த்தேன். ஒன்றுதான். வெப்பமானிகள் நான்கையும் ஒரே வாளியில் நிற்கவைத்தேன். ஒன்றோடொன்று ஒத்துப்போயின. உப்பளவு சரியாக இருந்தது. தொட்டியில் ஒரு நாள் கூடுதலாக இருப்பதால் பசியாக இருக்குமோ என்று ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பாசிக்கரைசல் ஊற்றிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை சாம்பல் அப்படியே இருந்தது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் அதிர்வைக்கூடச் சந்தேகப்பட்டேன். லாரிகள் எல்லாக் கிழமையும் போகின்றன.

அப்போதுதான் நாங்கள் வெகுநாளாக எதிர்பார்த்திருந்த இரண்டாவது எதிர்ப்பொருள் சென்னையிலிருந்து ஐஸ்பெட்டியில் வந்து சேர்ந்தது. அது பிரேக்கைப் பார்ப்பதற்கு. செல்லுக்குக் கஷ்டம் வந்தால், மாலை கோப்பதைத் தொடங்கிவைக்கும் ஒரு புரதத்தின்மேல் பாஸ்பேட் ஒன்றை ஒட்டிவிடும். ஒட்டியபின் புதிய மாலைகள் பெரும்பாலும் தொடங்காது. அப்படி ஒட்டியதை மட்டும் இந்த எதிர்ப்பொருள் காட்டிக்கொடுக்கும். சிப்பி சும்மா சோம்பலாக இருந்தால் பிரேக் விழுந்திருக்காது. கஷ்டத்தில் இருந்தால் விழுந்திருக்கும்.

உறைபெட்டியில் இருந்த பழைய மாதிரிகளை எடுத்து டீச்சர் சவ்வில் இறக்கி ஓட்டிப் பார்த்தார். படம் திரையில் வந்ததும் இருவரும் குனிந்தோம். கடுஞ்சூட்டுச் சிப்பிகளுக்குப் பிரேக் பட்டை கறுப்பு, அது எதிர்பார்த்தது. திங்கட்கிழமைச் சிப்பிகளுக்கும் கறுப்பு.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது லீவுல இல்ல சார். இதுக்கு என்னமோ கஷ்டம்.”

அவர் முகத்தில் அப்போது கவலையைவிட ஆர்வம்தான் அதிகம் தெரிந்தது. கவலைப்படவேண்டியது அவர்தான். சாதாரணம் என்று வைத்திருந்தது சாதாரணமே இல்லை என்றால், இளஞ்சூடு தட்டி எழுப்பியது என்ற பேச்சுக்கே இடமில்லை. எழுதிய அத்தியாயம் போய்விடும். எனக்கு அது உடனே தோன்றிவிட்டது, அவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அவர் கேட்டது, “அடுத்த திங்கக்கெழம நாம எதையும் அறுக்கவேண்டாம். சும்மா உக்காந்து பாப்போமா?”

அந்தத் திங்கட்கிழமை காலை இருவரும் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அளக்கிற வேலையில் இத்தனை வருடம் இருந்தும், அளக்கப்படுவதை இப்படி உட்கார்ந்து பார்த்த நினைவு எனக்கு இல்லை. பார்க்க எதுவும் இருக்கிறதென்று தோன்றியதில்லை. சிப்பி என்ன ஓடவா போகிறது.

டீச்சர் கையில் ஒரு டிராப்பர். அதில் பச்சைப் பாசிக்கரைசல். தொட்டிக்குள் இருந்த டிரேயின் ஓரத்தில் ஒரு சிப்பிக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டார். பச்சை, புகைபோல வளைந்து, சிப்பியின் விளிம்பில் மெல்லிய இடைவெளி வழியே உள்ளே போயிற்று. சிப்பி திறந்திருக்கிறது, தண்ணீர் இழுக்கிறது. அடுத்து டிரேயின் நடுவில் ஒரு சொட்டு. பச்சை அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் தானாகக் கலைந்துபோனது. இன்னொரு சொட்டு. அதுவும் நின்றது.

ஓரம், நடு, ஓரம், நடு என்று விட்டுக்கொண்டே போனார். ஓரத்தில் இருப்பவை இழுத்தன. நடுவில் இருப்பவை இழுக்கவில்லை.

அப்போதுதான் டிரேயை டிரேயாகப் பார்த்தேன். மற்ற நாட்களில் டிரேயில் சிப்பிகள் விலகி விலகிக் கிடக்கும். சனிக்கிழமை இரண்டு மடங்கு வருகிறது, டிரே அதேதான். அதனால் எங்கள் கூடத்தில் சனிக்கிழமைச் சிப்பியை நிற்கவைத்து அடுக்குவது வழக்கம். ஒன்றோடொன்று தோள் சேர, அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல. பார்க்க அழகாக இருக்கும். இந்த அடுக்கை இன்னும் நேர்த்தியாக்கியவன் நான்தான் என்பதால், விரல்கூட நுழையாது. சிப்பி திறக்கவேண்டுமென்றால் இரண்டு ஓடும் சற்று விலகவேண்டும். நடுவில் இருப்பவற்றுக்கு, அவைதான் பெரும்பாலானவை, விலக இடமே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் மூடிய வாய். திங்கட்கிழமை காலை வரை மூடியேதான் இருந்திருக்கிறது. உள்ளே மூச்சுக்காற்றுத் தீர்ந்திருக்கும். பிரேக் போடாமல் செல் வேறென்ன செய்யும்.

நடுவில் இருந்து ஒன்றை உருவி, தனியாக ஒரு பேசினில் வைத்தோம். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஓட்டின் விளிம்பில் ஒரு கருங்கோடு தெரிந்தது. கோடு கொஞ்சம் அகன்றது. ஒரு சொட்டுப் பச்சை விட்டார். உள்ளே போயிற்று.

“அடப்பாவி” என்றார், சிப்பியைப் பார்த்து, அன்பாக.

ஓரத்துச் சிப்பிகளையும் நடுச் சிப்பிகளையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தபோது சந்தேகமே மிஞ்சவில்லை. ஓரத்துக்குக் கறுப்புத் தடம், பிரேக் இல்லை. நடுவுக்குச் சாம்பல், பிரேக் பலமாக. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே கிழமை.

பேராசிரியர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. டீச்சரின் விடுப்பை எங்களைவிட அதிகம் எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்தான். நெருக்கமாக வைத்ததைக் குறைபாடு என்று ஒரு பத்தியில் எழுதிவிடலாம், தேர்வாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள், முதலில் சமர்ப்பித்துவிடுவோம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். நியாயமாகத்தான் இருந்தது. நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. “கொஞ்சம் சூடு நல்லதா இல்லையான்னு எனக்கே இன்னும் தெரியல சார். தெரியாம எழுதுனா, எழுதி முடிச்ச பிறகும் அதையேதான் நெனச்சிக்கிட்டு இருப்பேன். கச்சான் தொடங்குற வரைக்கும் டைம் தாங்க. அதுக்குள்ள முடிக்கலேன்னா விட்டுருதேன்.”

விட்டுருதேன் என்றது பட்டத்தையே என்று பேராசிரியருக்கும் தெரியும். கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் காற்று. அது வலுத்தால் தண்ணீர் கலங்கிவிடும், அடியில் கண் தெரியாது, சங்கு குளிக்கப் போகமாட்டார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அது வந்துவிடும். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

சுவரில் இருந்த திட்டத்தை நானே கிழித்தேன். இனி ஒரே நாளில் மூன்று தொட்டி: சாதாரணம், இளஞ்சூடு, கடுஞ்சூடு. எந்தச் சிப்பி எந்தத் தொட்டிக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். டிரேயில் சிப்பிக்கும் சிப்பிக்கும் நடுவில் இடம். குலுக்குவது என் சுபாவத்துக்கு ஒத்துவராத வேலை. எடுத்த சீட்டை வரிசைப்படுத்தக் கை தானாகப் போகும். டீச்சர் “சார்” என்பார், கையை எடுத்துக்கொள்வேன்.

சனிக்கிழமையும் பாதி கொண்டுவந்தால் போதும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். சாக்கைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

“மொதல்ல நெறைய கொண்டாங்கன்னீங்க. இப்போ கொறச்சலாக் கொண்டாங்கறீங்க. சிப்பிக்கு ஆளுக்கு ஒரு ரூம் போட்டுக் கொடுக்கணுமாக்கும்?”

“அட்டாச்சுடு பாத்ரூமோட” என்றார் டீச்சர்.

“எம் மவன் துபாய்ல ஒரே ரூம்ல எத்தன பேரோட படுத்துக் கெடக்கான் தெரியுமா டீச்சர்? அவனையும் கொஞ்சம் அளந்து பாருங்க.”

சிரித்துவிட்டுப் போனார். ஆனால் அதன்பிறகு வந்த சாக்குகளில் சிப்பி அளவாகவே இருந்தது.

வாரங்கள் ஓடின. புதிய முறையில் வந்த படங்கள் பார்க்கச் சாதுவாக இருந்தன. சாதாரணத்துக்குக் கறுப்பு. இளஞ்சூட்டுக்கும் கிட்டத்தட்ட அதே கறுப்பு, ஒரு பொட்டு கூடவும் இல்லை. கடுஞ்சூட்டுக்குச் சாம்பல். திங்கட்கிழமையும் அப்படியே, வியாழக்கிழமையும் அப்படியே.

“போச்சு சார் என் கண்டுபிடிப்பு” என்றார் டீச்சர். மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதற்கு அன்றைக்கே எழுதிப்போட்டார். குரலில் வருத்தம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்யாகும்.

கச்சான் வந்த வாரம் கடைசி மாதிரிகளை ஓட்டினோம். வெளியே மணல் பறந்து கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. கடுஞ்சூட்டுத் தடங்கள் வழக்கம்போல வெளிறியிருந்தன. டீச்சர் திரையில் வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். அந்தச் சாம்பல் நிழலுக்கு நடுவில், ஒரே உயரத்தில், ஒவ்வொரு கடுஞ்சூட்டுத் தடத்திலும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தது. மற்ற எல்லா மாலையும் நின்றுபோன நேரத்தில் ஒரே ஒரு மாலை மட்டும் விடாமல் கோக்கப்பட்டிருக்கிறது. சூட்டில் மற்றப் புரதங்கள் உருக்குலையாமல் தாங்கிப்பிடிக்கிற ஒரு புரதம் உண்டு. கோடு இருந்த உயரம் அதன் அளவோடு ஒத்தது. புத்தகத்தில் படித்ததுதான். எங்கள் சிப்பியில், எங்கள் சவ்வில் பார்ப்பது வேறு.

டீச்சர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார், “சார், திங்கக்கெழமச் சிப்பி மிச்சம் இருக்கா?”

இருந்தது. உறைபெட்டியின் மேல்தட்டில், சீட்டு கோணாமல். ஓரம், நடு என்று பிரித்தே வைத்திருந்தேன். பயனில்லாதது என்று தூக்கிப்போட மனம் வரவில்லை.

நடுச் சிப்பியையும் கடுஞ்சூட்டுச் சிப்பியையும் ஒரே சவ்வில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார். இரண்டும் சாம்பல். இரண்டிலும் பிரேக். கடுஞ்சூட்டில் அந்தக் கோடு இருந்தது. நடுச் சிப்பியில் இல்லை. வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் இல்லை.

“ரெண்டும் கையை நிறுத்திருக்கு” என்றார் டீச்சர் மெதுவாக. “ஆனா ஒண்ணு நிறுத்திட்டு வேற வேலை பாக்குது. இன்னொண்ணு பொத்திக்கிட்டு சும்மா காத்துக்கிட்டு இருக்கு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மூச்சு முட்டுறதும் சூடும் வேற வேறன்னு செல்லுக்கு எப்படி சார் தெரியுது?”

சவ்வைப் பேராசிரியரிடம் கொண்டுபோனோம். அதற்குப் பல விளக்கம் உண்டு, நம் சிப்பியில் எது என்று சொல்ல இன்னும் வேலை இருக்கிறது என்றார். ஆனால் அந்தச் சவ்வைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததை நான் பார்த்தேன். அத்தியாயத்தின் பாதி அதுவாகவே ஆயிற்று. நெருக்கி அடுக்கியதை டீச்சர் எங்கும் மறைக்கவில்லை. எப்படி அடுக்கினோம், ஏன் அடுக்கினோம், ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் ஏன் கடலுக்குப் போவதில்லை என்பது வரை செய்முறைப் பகுதியில் எழுதினார். இப்படி ஒரு வாக்கியத்தை ஆய்வேட்டில் இதுவரை படித்ததில்லை என்று பேராசிரியர் சொன்னார், ஆனால் அதை அடித்து நீக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. வாய்மொழித் தேர்வு இனிமேல்தான். டீச்சர் தன் மேசையில் இருந்த டிராப்பரைக் கழுவி என்னிடம் கொடுத்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்.

காற்று வருவதற்கு முன் அண்ணாச்சி கடைசியாகக் கொண்டுவந்ததில் கொஞ்சம் தொட்டியில் மிச்சம் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் அசெம்பிளி முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருக்கும் நேரம், டீச்சரிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. ஒரே ஒரு சொல்.

“திறந்திருக்கா?”

போய்ப் பார்த்தேன். டிரேயில் விலகி விலகிக் கிடந்தன. டிராப்பரில் கொஞ்சம் பச்சை எடுத்து, நடுவில் இருந்த ஒன்றின் பக்கத்தில் விட்டேன். உள்ளே போயிற்று. பிறகு பதில் அனுப்பினேன்.